ஒரே இலையில் உண்ணும் இரண்டு உயிர்கள்: டர்பன் பயணக் குறிப்புகள்

முதல் நாள்: டர்பன், பங்குனிப் பௌர்ணமிக்கு முந்தைய நாள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையில் ஆங்கிலத்தில் ‘சீ ஸ்லக்’ எனப்படும் உயிரைத் தேடிப் போய், அதை ஆஸ்திரேலியப் பாலூட்டி ஒன்றோடு ஒப்பிடும் குறிப்புகள் இவை. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கடல் அட்டை என்றால் ராமேசுவரம், தொண்டிப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவு வருவது மணலில் வெள்ளரிக்காய் போலக் கிடக்கும் பிராணி. காயவைத்துக் கடத்துகிறார்கள் என்று அடிக்கடி செய்தியில் வருமே, அது. நட்சத்திர மீனுக்கு அது உறவு. இந்தக் குறிப்புகளில் நாம் தேடப்போவது வேறு: நத்தை இனத்தில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போது ஓடு சுமந்து, வளரும்போது அதைக் கழற்றிப்போட்டுவிடும் மெல்லுடலி. தமிழில் இதற்கு நிலைத்த பெயர் இல்லை. ‘ஓடில்லா நத்தை’ என்றே எழுதுகிறோம்.

ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றொன்று இந்தக் கரையில் இல்லை. ஆப்பிரிக்காவில் இன்று காட்டில் வாழும் பைம்மா, அதாவது வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டி, ஒன்றுகூடக் கிடையாது. நாம் பேசும் பைம்மா இதே இந்தியப் பெருங்கடலின் எதிர்க்கரையில், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது. ஆங்கிலப் பெயர் ஹனி போசம். அந்த மண்ணின் நூங்கார் மக்கள் நூல்பெங்கர் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம். எடை 10 கிராம் அளவுதான், இரண்டு தேக்கரண்டித் தண்ணீர். உடலைவிட வால் நீளம். அந்த வாலால் கிளையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பூவுக்குள் மூக்கை விடும்.

ஒன்று நிலம், ஒன்று கடல். ஒன்று சூடான ரத்தம், ஒன்று குளிர்ந்த உடல். இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைப்பதற்கு ஒரே காரணம் சாப்பாடு. இரண்டும் ஒரே இலையில் உண்ணும் பிராணிகள். ஓடில்லா நத்தைகளில் பல வகைகள், வகைக்கு ஒரு கடற்பஞ்சையோ ஒரு சொறி உயிரையோ (ஜெல்லிமீன் போலக் கொட்டும் இனம்) மட்டும் நம்பிப் பிழைக்கின்றன. நூல்பெங்கர் பூந்தேனையும் மகரந்தத்தையும் தவிர வேறெதையும் நம்பி வாழ்வதில்லை. அந்த இலைக்காக ஒன்று ஓட்டை விட்டது, மற்றது பல்லை விட்டது. நூல்பெங்கர் வாயில் மிஞ்சியிருப்பவை குச்சி முனை போன்ற சில பற்கள்தான்.

இனி நாள் குறிக்கும் வேலை. டர்பன் தமிழர்கள் காவடிக்குப் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல, பாறைக்குட்டை பார்க்கவும் பஞ்சாங்கம் உதவும். அமாவாசை, பௌர்ணமி முடிந்த 1 அல்லது 2 நாளில் கடல் மிக அதிகமாக உள்வாங்கும். இந்தக் கரையில் அந்த நாட்களின் பகல் வற்றம் காலை 10 மணியை ஒட்டி வரும். அடுத்தடுத்த நாளில் முக்கால் மணி நேரம் அளவுக்குத் தள்ளிப்போகும். மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளை ஒட்டிய பௌர்ணமியானால் வற்றம் இன்னும் ஆழம். நேரத்தைத் துல்லியமாக அறியத் தென்னாப்பிரிக்கக் கடற்படையின் நீரளவைப் பிரிவு வெளியிடும் ஓத அட்டவணையைப் பாருங்கள். வற்றம் 0.3 மீட்டருக்குக் கீழே என்று போட்டிருக்கும் நாள்தான் நமக்கு வேண்டும். அஷ்டமி, நவமியை ஒட்டிப் போனால் வற்றமே 0.8 மீட்டர் அளவில் நின்றுவிடும், நல்ல குட்டைகள் எல்லாம் நீருக்கு அடியில்தான் இருக்கும். ‘டர்பனில் ஒன்றுமே இல்லை’ என்று திரும்புகிறவர்களில் பலர் நாள் தப்பிப் போனவர்கள்.

பையில் வைக்க வேண்டியவை: தடித்த அடியுள்ள பழைய ஷூ, 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், சிறு டார்ச், 15 செ.மீ. பிளாஸ்டிக் அளவுகோல், குடிநீர் 2 லிட்டர். வெயிலில் கெடாத புளிச்சாதமும் கட்டிக்கொள்ளலாம். சன்ஸ்கிரீன் கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பூசி, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். குட்டை நீரில் அந்த எண்ணெய்ப் படலம் மிதப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: ப்ளஃப், ட்ரெஷர் பீச்

நகர மையத்திலிருந்து தெற்கே அரை மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். தனியாக வர வேண்டாம். குறைந்தது மூன்று பேர் வந்து, ஒருவர் எப்போதும் கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். விலையுயர்ந்த எதையும் காரில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இறங்கி, நீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் பின்னாலேயே போவதுதான் முறை. வற்றம் முடிந்து அரை மணி நேரத்தில் மேலே ஏறிவிட வேண்டும். அலை திரும்பும்போது குட்டைகளுக்கு நடுவே உள்ள வாய்க்கால்தான் முதலில் நிரம்பும். நீங்கள் நிற்கும் பாறை காய்ந்திருக்கும், திரும்பும் வழி போயிருக்கும். கீழ்ப்பாறையில் பழுப்பு ரப்பர் மெத்தை விரித்ததுபோல ஒன்று படர்ந்திருக்கும். அதுவும் உயிர்க்கூட்டம்தான், வழுக்கும், நசுங்கினால் தெறிக்கும், சில வகையில் கடுமையான நஞ்சும் உண்டு. அதன்மேல் கால் வைக்காமல், கரகரப்பான சிப்பிப் பட்டையை மிதித்துப் போங்கள். அழகான கூம்புச் சங்கைக் கண்டால் கையில் எடுக்காதீர்கள். அதன் ஊசி மனிதனைக் கொல்லக்கூடியது.

ஓடில்லா நத்தையைத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு, நத்தையைத் தேடுவது. 2 செ.மீ. உடல் அது, பஞ்சின் நிறத்திலேயே பஞ்சின்மேல் ஒட்டிக் கிடக்கும். பத்து முறை கண் அதன்மேல் போய்வந்தாலும் தெரியாது. முட்டை நாடாவைத் தேடுங்கள். பாறையின் நிழல் பக்கம், வெயில் படாத விளிம்புக்கு அடியில், வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ, துணிப்பட்டியைச் சுருட்டி அதன் ஓரத்தைப் பாறையில் ஒட்டினாற்போல ஒரு சுருள் நிற்கும். நாடா கிடைத்தால் அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குள் மெதுவாகத் தேடுங்கள். இட்ட தாய் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லாமே தாய்தான், எல்லாமே தகப்பனும்தான். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பால் உறுப்புகளும் உண்டு.

கண்டதும் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். முன்னால் இரண்டு கொம்பு: அவை கண்ணல்ல, மூக்கு. நீரில் கரைந்து வரும் வாசனையை அவற்றால் பிடிக்கிறது. பின்பக்கம் சிறு பூங்கொத்து விரிந்திருந்தால் அது செவுள். பஞ்சு தின்னும் வகை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். நிழல் விழுந்தால் கொத்து சட்டென்று உள்ளே போய்விடும். அசையாமல் இருங்கள், மறுபடி முதலில் நுனிகள் எட்டிப் பார்க்கும், பிறகு இதழ் இதழாக விரியும். இதைப் பார்ப்பதற்காகவே முழங்கால் வலிக்கக் குந்தியிருக்கலாம்.

கல்லைப் புரட்டினால் புரட்டிய கையாலேயே பழையபடி வைத்துவிட வேண்டும். அடிப்பக்கம் ஒட்டி வாழும் பஞ்சு வெயிலைப் பார்த்தால் சாகும். மேல்பக்கப் பாசி இருட்டில் அழுகும். ஒரு கல்லைத் தலைகீழாக விட்டுப்போனால் ஒரு நத்தையின் சாப்பாட்டு இலையையே கிழித்துப்போட்டதாக அர்த்தம். கைக்குட்டை அளவு பஞ்சுத் திட்டில் ஒரு குடும்பமே வாழ்கிறது.

பிடித்து வாளியில் போட்டுப் படம் எடுப்பதும் கூடாது. பஞ்சிலிருந்து எடுத்த நஞ்சைத் தோலில் சேர்த்து வைத்திருக்கும் வகைகள் பல. நீலமும் கறுப்பும் கோடாக, மஞ்சள் முனையுள்ள பரு வரிசையாக இருக்கும் பில்லிடியா என்ற நத்தையை மீனோடு ஒரே வாளியில் போட்டால் மீன் செத்துவிடும்.

குட்டையில் கையளவு கனத்த பழுப்புப் பிண்டம் ஊர்ந்தால் அது கடல் முயல். தலையில் இரண்டு காது நிற்பதால் அந்தப் பெயர். அதுவும் இதே கூட்டம்தான், ஆனால் பல பாசிகளை மேயும். ஒரே இலைக்காரர் இல்லை. சீண்டினால் ஊதா மை விடும். அதன் முட்டை, வேகவைத்த சேமியாவைக் குவித்ததுபோல் இருக்கும். அதன் நரம்பு செல்கள் சுமார் 20,000தான், அவையும் பெரியவை. அவற்றை வைத்து நினைவாற்றல் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த எரிக் காண்டல் 2000இல் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாம் நாள்: உம்ஷ்லாங்கா, டர்பனுக்கு வடக்கே

இரவெல்லாம் கிழக்கிலிருந்து காற்று. காலையில் கரையில் நீல வரி. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணக் கரையில் கோடையில் இப்படிக் காற்று அடித்தால், காற்றுப்பை கட்டி மிதக்கும் ‘நீலப் புட்டி’ சொறிகள் கூட்டமாக ஒதுங்கும். அவற்றை வெறும் காலால் தாண்டாதீர்கள். ஆனால் அந்த வரியை விட்டுவிட்டும் போகாதீர்கள். அவற்றுக்கு நடுவே, 3 செ.மீ.க்கு மிகாமல், பக்கவாட்டில் விரல் விரலாக இறகு விரித்த ஒரு நீலத்துளி கிடந்தால் அதுதான் கிளாக்கஸ். ஆங்கிலத்தில் நீல டிராகன் என்கிறார்கள்.

இது வயிற்றில் காற்றுக் குமிழி வைத்துக்கொண்டு, மல்லாந்தபடி கடல் மேற்பரப்பில் வாழும் நத்தை. மேலே தெரியும் நீலம் அதன் வயிறு. கீழே பார்க்கும் வெள்ளிச் சாம்பல்தான் முதுகு. மேலிருந்து பார்க்கும் பறவைக்குக் கடல் நிறம், கீழிருந்து பார்க்கும் மீனுக்கு வானத்தின் நிறம். நீலப் புட்டியைத் தின்கிறது. தின்னும்போது அதன் கொட்டும் செல்களில் ஒரு பகுதியை வெடிக்கவிடாமல் குடல் வழியாக விரல் நுனிகளுக்கு அனுப்பி, அங்குள்ள பைகளில் சேமிக்கிறது. சேர்த்து வைப்பதால், தின்னப்பட்ட சொறியைவிடத் தின்றவன் கடுமையாகக் கொட்டுவான். கையில் ஏந்திப் படம் எடுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. செத்துக் காய்ந்ததும்கூடக் கொட்டும்.

நீலப் புட்டி கொட்டினால்: தேய்க்காதீர்கள், மணல் போடாதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியாலோ கையுறையாலோ எடுத்துவிட்டுக் கடல்நீரில் அலசுங்கள். பிறகு சுமார் 45 டிகிரிச் சூட்டு நீரில் 20 நிமிடம் அந்த இடத்தை வையுங்கள். அடிபடாத ஒருவர் கையை முதலில் விட்டுச் சூட்டைப் பார்க்க வேண்டும், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது. மூச்சுத் திணறினாலோ முகத்தில் கொட்டியிருந்தாலோ உடனே மருத்துவமனை.

இங்கேதான் ஒப்பீடு முதல் முறையாக அழுத்தமாகிறது. நத்தை தன் உணவிடமிருந்து ஆயுதம் எடுக்கிறது: பஞ்சிடம் நஞ்சு, சொறியிடம் ஊசி. நூல்பெங்கருக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. தேன் தருவது சர்க்கரை மட்டும். தசைக்கு வேண்டிய புரதம் மகரந்தத்தில்தான். ஆந்தை வந்தால் ஒளிந்துகொள்ள இலைக்கூட்டம் உண்டு, அவ்வளவே. அதனாலேயே நஞ்சுள்ள நத்தைகள் பல பளபளவென்று உடுத்தியிருக்கின்றன, நூல்பெங்கர் சாம்பலும் பழுப்புமாக, முதுகில் ஒரு கறுப்புக் கோட்டோடு அடங்கியிருக்கிறது.

நான்காம் நாள்: உம்கோமாஸ், டர்பனுக்குத் தெற்கே

அலிவால் ஷோல் இங்கிருந்து சுமார் 5 கி.மீ. கடலுக்குள். பழைய மணற்குன்று கல்லாகி உண்டான திட்டு, காக்கப்பட்ட கடற்பகுதி. எதையும் எடுத்துவர முடியாது. ரப்பர் படகு ஆற்று முகத்தில் அலையை உடைத்துக்கொண்டு போவதால் முதுகுவலிக்காரர்கள் யோசிக்க வேண்டும். மேலே மழை பெய்து ஆறு செம்மண்ணாக ஓடினால் கடலுக்குள் கைகூடத் தெரியாது. மார்ச்சில் இது நடக்கும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய நர்த்தகி என்ற பெரிய சிவப்பு நத்தை இங்கே உண்டு. இரவில் நடமாடும், பகலில் அதன் முட்டை நாடாவைத்தான் எதிர்பார்க்கலாம். பாறையில் மலர்ந்த ரோஜா போல இருக்கும், தாய் தின்ற பஞ்சின் நஞ்சு முட்டையிலும் இருப்பதால் மீன் தொடாது.

ஐந்தாம் நாள்: டிராக்கன்ஸ்பர்க், கதீட்ரல் பீக்

கடலை விட்டு மலைக்கு ஏன் வந்தோம் என்று கேட்பீர்கள். நூல்பெங்கரின் சாப்பாட்டு இலைக்குப் பங்காளி இலை இங்கேதான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அது தேன் குடிப்பது பெரும்பாலும் பேங்சியா பூக்களில். பேங்சியாவும் தென்னாப்பிரிக்காவின் புரோட்டியாவும் ஒரே குடும்பம். இரண்டு கண்டமும் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்துக்குப் போகும் உறவு அது.

டர்பனிலிருந்து 3 மணி நேரத்துக்கு மேல் பயணம். கோடை முடியும் இந்த மாதங்களில் சரிவுகளில் வெள்ளி புரோட்டியா பூத்திருக்கும். ஒரு பூவை ஒடிக்காமல், கிளையை வளைத்து உள்ளே பாருங்கள். வெளியே இளஞ்சிவப்பு மடல்கள், நுனியில் வெள்ளி மயிர். உள்ளே நூற்றுக்கணக்கில் குச்சிகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூ. தேன் அடியில் தேங்கியிருக்கும். அதை எடுக்க நீண்ட அலகோ நாக்கோ வேண்டும், எடுக்கப் போகிறவரின் நெற்றியில் மகரந்தம் ஒட்டியே தீரும். இந்த மலையில் அந்த வேலையை நீண்ட வாலுள்ள கர்னி சர்க்கரைப்பறவை செய்கிறது. மேற்குக் கேப் பகுதியில் தரையோடு பூக்கும் சில புரோட்டியாக்களுக்கு எலிகள் செய்கின்றன. ஆஸ்திரேலியாவில் பறவைகளோடு நூல்பெங்கரும் செய்கிறது. நாக்கு மூக்குக்கு வெளியே 2 செ.மீ.க்கு மேல் நீளும், முனையில் தூரிகை போல மயிர்முள். உள்ளே இழுக்கும்போது மேலண்ணத்து வரிகள் சீப்பு வாருவதுபோல மகரந்தத்தை வழித்தெடுக்கும்.

9 கிராம் நூல்பெங்கர் எடை குறையாமல் இருக்க நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லி தேனும் 1 கிராம் மகரந்தமும் வேண்டும். கிட்டத்தட்டத் தன் எடையளவு. 60 கிலோ ஆள் தினமும் 47 லிட்டர் குடிப்பது போல. சூடான சிறு உடல், எரிந்துகொண்டே இருக்கிறது. குளிரில் பூ கிடைக்காவிட்டால் உடல் வெப்பத்தைத் தாழ்த்தி மரத்துக் கிடக்கும்; அதுவும் கொஞ்ச நேரத் தவணைதான். வருடம் முழுவதும் ஏதாவது ஒரு புதர் பூத்துக்கொண்டே இருக்கும் காடு அதற்கு வேண்டும். ஓடில்லா நத்தைக்கு இந்த அவசரம் இல்லை. குளிர்ந்த உடம்பு, இலையின்மேலேயே படுக்கை. சில நாள் பட்டினி கிடந்தாலும் உடல் சுருங்குமே தவிரச் சாகாது.

ஒரு செய்முறை. ஷூவின் அடி மண்ணை வண்டியில் ஏறும் முன் கட்டைப் பிரஷ்ஷால் முழுக்கத் தேய்த்து எடுத்து, 70 சதவீத ஸ்பிரிட் தெளித்துக் காயவிடுங்கள். மண்ணை எடுக்காமல் ஸ்பிரிட் மட்டும் தெளிப்பது வீண், சேற்றுக் கட்டிக்குள் அது இறங்காது. பைட்டோப்தோரா என்ற வேரழுகல் கிருமி ஈரமண்ணோடு ஒட்டிக்கொண்டு ஊர் மாறும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பேங்சியாக் காடுகளைத் திட்டுத் திட்டாகக் கொன்று, நூல்பெங்கரின் சாப்பாட்டை அழிப்பது இதுதான். தென்னாப்பிரிக்காவிலும் புரோட்டியாக் குடும்பத்தைத் தாக்குகிறது. மலையேறிகளின் ஷூ இரண்டு கண்டத்திலும் ஒன்றுபோலவே குற்றவாளி.

ஏழாம் நாள்: மறுபடி ட்ரெஷர் பீச்

வற்றம் பிற்பகலுக்குத் தள்ளிவிட்டது, ஆழமும் குறைவு. இரண்டாம் நாள் பார்த்த வெளிர்மஞ்சள் நாடா விளிம்புக்கு அடியில் இருப்பதால் மட்டும் எட்டுகிறது. நிறம் மங்கி, கண்ணாடித்தன்மை வந்திருக்கிறது. லென்ஸில் பார்த்தால் முன்பு ரவை போலக் கெட்டியாக இருந்த புள்ளிகளுக்குள் இப்போது ஏதோ சுழல்கிறது. ஒவ்வொன்றும் ஓடு கட்டிய குஞ்சு.

கணக்குப் போடலாம். நாடா 10 செ.மீ. நீளம், 5 மி.மீ. உயரம். முட்டை ஒன்றுக்குச் சுமார் 0.1 மி.மீ. என்று வைத்தால் நீளத்தில் 1,000, உயரத்தில் 50. ஒரே அடுக்கானாலும் 50,000. நூல்பெங்கர் ஒரு ஈற்றில் வளர்ப்பது 2 அல்லது 3 குட்டி, மடிக்காம்பே 4தான். பிறந்த குட்டி 5 மில்லிகிராம் அளவு. 200 குட்டி சேர்ந்தால்தான் 1 கிராம். பாலூட்டிகளில் இதைவிடச் சிறிதாகப் பிறப்பது வேறில்லை.

ஆனாலும் இரண்டு சிசுவும் தன் சாப்பாட்டுக்கு வழியைத் தானே தேட வேண்டும். நூல்பெங்கர் குட்டிக்குக் கண்ணில்லை, பின்னங்கால் மொட்டுதான். முன்னங்காலால் தாயின் ரோமத்தில் தொற்றி ஏறி, பைக்குள் காம்பைப் பிடிக்கும். சுமார் 60 நாள் பைவாசம். நத்தைக் குஞ்சு அலையோடு போய், நாட்கணக்கில் மிதந்து, தன் இன உணவின் வாசனை நீரில் பட்டால்தான் கீழே இறங்கி ஓட்டைக் கழற்றும் என்று பவளம் தின்னும் நத்தை வகையில் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். வாசனை கிடைக்காத குஞ்சு மிதந்தபடியே செத்துப்போகும்.

இலை கிழிந்தால் யார் பிழைப்பார் என்ற கேள்விக்கு விடை இந்தப் புள்ளிகளுக்குள் இருக்கிறது. இந்தப் பாறையில் பஞ்சு அழிந்தால் இங்குள்ள நத்தைகள் போய்விடும். பஞ்சு மீண்டும் முளைத்தால், வடக்கிலிருந்து அகுல்லாஸ் நீரோட்டம் வேறெங்கோ இட்ட முட்டையின் குஞ்சுகளைக் கொண்டுவந்து சேர்க்கும். நூல்பெங்கருக்கு அந்த ஓட்டம் இல்லை. பத்து கிராம் உடம்போடு அழிந்த காட்டைத் தாண்டி அடுத்த பூவுக்கு நடந்தே போக வேண்டும். ஆயிரக்கணக்கில் விட்டுவிடும் தாயைவிட இரண்டைப் பையில் சுமக்கும் தாய்தான் அதிக ஆபத்தில் இருக்கிறாள் என்பது எங்கள் துணிபு.

அடுத்த நல்ல வற்றம் அமாவாசைக்கு மறுநாள், காலை 10 மணியை ஒட்டி. நாடா இருந்த இடம்: படிக்கட்டிலிருந்து இறங்கித் தெற்கே மூன்றாவது பெரிய குட்டை, கடல் பக்கத்து விளிம்பு, முழங்கை ஆழம். அதற்குள் அது வெறும் சவ்வாகியிருக்கும். பக்கத்தில் புதிதாக ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள்.